எடிசனுக்குப் பயந்து பிறந்ததல்ல ஹாலிவுட்

எடிசனின் படக்கருவிக் காப்புரிமை வழக்குகளுக்கு அஞ்சி ஓடிய படமுதலாளிகளே ஹாலிவுட்டை உருவாக்கினார்கள். ஆபத்து வந்தால் மெக்சிகோவுக்குள் புகுந்துவிடலாம் என்றே லாஸ் ஏஞ்சலஸைத் தேர்ந்தார்கள். சினிமா வரலாறு பேசும் இடமெல்லாம் சொல்லப்படும் கதை இது. சிகாகோவைச் சேர்ந்த செலிக் பாலிஸ்கோப் என்ற மௌனப்பட நிறுவனத்தின் வரலாறு ஒன்றே இதை மறுக்கப் போதும்.

முதலாவது, ஓடியவர்கள் யார்? 1909இல் லாஸ் ஏஞ்சலஸின் ஈடன்டேல் பகுதியில் அந்நகரின் முதல் நிரந்தர ஸ்டூடியோவை அமைத்தவர் அந்நிறுவனத்தின் தலைவர் வில்லியம் செலிக். 1908 டிசம்பரில் எடிசன் தலைமையில் உருவான காப்புரிமைக் கூட்டணியில் அவரும் உறுப்பினர். 1910 தொடக்கத்தில் இயக்குநர் கிரிஃபித்தை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பிய பயோகிராஃப் பட நிறுவனமும் அப்படியே. உரிமம் பெற்றவர்கள் எதற்கு ஓட வேண்டும்?

இரண்டாவது, ஓடியிருந்தால் தப்பியிருக்க முடியுமா? காப்புரிமை கூட்டாட்சிச் சட்டம். கலிஃபோர்னியா நீதிமன்றங்களிலும் அது செல்லும். மெக்சிகோ எல்லையோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 1910இல் அங்கே புரட்சியும் வெடித்தது.

மூன்றாவது, எடிசனின் உண்மையான எதிரிகள் எங்கே இருந்தார்கள்? கூட்டணியோடு கடுமையாக மோதிய சுயேச்சைத் தயாரிப்பாளர் கார்ல் லாம்லே நியூயார்க்கிலேயே படமெடுத்தார். எடிசனின் ஆய்வகம் இருந்த நியூஜெர்சியிலேயே, ஃபோர்ட் லீயில், ஸ்டூடியோக்கள் பெருகின. சுயேச்சை நிறுவனமான பைசன் 1909 இறுதியில் மேற்கே போனது உண்மை. வழக்குத் தொல்லையும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். அதை ஒரு தொழிலின் பிறப்புக்கே காரணமாக்க முடியாது. 1915இல் நீதிமன்றம் கூட்டணியைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அச்சம் நீங்கிய பிறகும் ஸ்டூடியோக்கள் மேற்கே போய்க்கொண்டே இருந்தன.

அவற்றை இழுத்தது வெயில். அன்றைய பிலிமுக்கு ஏராளமான வெளிச்சம் வேண்டும். கூரையில்லாத மேடையில்தான் பெரும்பாலும் படப்பிடிப்பு. சிகாகோவின் குளிர்காலத்தில் அது நடக்காது. செலிக்கின் இயக்குநர் ஃபிரான்சிஸ் பாக்ஸ், 'மான்டி கிறிஸ்டோ' படத்தின் கடற்காட்சிகளுக்காகவே கலிஃபோர்னியா வந்தார். கடல், மலை, பாலைவனம் மூன்றும் அருகருகே. தொழிற்சங்கங்கள் வலுப்பெறாததால் கூலியும் குறைவு.

1911இல் அதே ஈடன்டேல் ஸ்டூடியோவில் பாக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அவர் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. தப்பியோடியவர்களின் கதையைத் திரும்பச் சொல்லும் ஒவ்வொரு முறையும், இடம் தேடி வந்து ஒரு தொழிலுக்கு அடித்தளம் போட்ட இந்த உழைப்பாளிகளை நாம் வரலாற்றிலிருந்து அழிக்கிறோம். சினிமாவை நேசிப்பவர்கள் அதைச் செய்யக் கூடாது.