ஏணிகள் மூன்று

பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் குப்பியின் மேலுள்ள சொற்கள் யாவும் தரத்தின் ஒரே ஏணியில் அமைந்த படிகள் என்று கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. உண்மையில் அங்கே இருப்பவை மூன்று ஏணிகள்.

முதலாவது போர்தோவினுடையது. 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் பட்டியல் கேட்க, போர்தோத் தரகர்கள் சிவப்பு ஒயின் பண்ணைகளை ஐந்து படிகளில் அடுக்கினர். அவர்களுக்கு அளவுகோல் சந்தை விலையே. 1973இல் மூத்தோன் ரோத்ஷில்டு இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு ஏறியது நீங்கலாக, அப்பட்டியலில் எவரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

இரண்டாவது பர்கண்டியினுடையது. அங்கே பட்டம் உடையவனுக்கன்று, மண்ணுக்கு. வட்டாரம், ஊர், 'பிரிமியே குரு', 'கிரான் குரு' என நான்கு படிகள். குளோ த வூஜோ என்னும் தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர். உடையவர்களோ 80 பேர் அளவில். அனைவர்க்கும் பட்டம் ஒன்றே. ஆயினும் கைத்திறன் ஒன்றன்று.

மூன்றாவது 1935இல் சட்டமான பிறப்பிடக் கட்டுப்பாடு. எல்லை எது, திராட்சை வகை எது, ஹெக்டேருக்கு விளைச்சல் எவ்வளவு என்பதை அது வரையறுக்கிறது. கலப்படமும் பெயர்த்திருட்டும் உழவரை நலித்த காலம் ஈன்ற சட்டம் அது.

ஆக, முதலாவது பழைய விலையைச் சொல்கிறது. இரண்டாவது மண்ணைச் சொல்கிறது. மூன்றாவது விதி பிறழாமையைச் சொல்கிறது. நாவின் சுவைக்கு மூன்றும் பிணை நிற்பதில்லை.

நிலத்தை முதற்பொருளாகவும் அதன் விளைபொருளைக் கருப்பொருளாகவும் இணைத்து எண்ணிய தொல்காப்பிய மரபினர்க்கு மண்ணை மதிக்கும் இக்கருத்து அயலானதன்று. ஆயினும் மாரண்டஹள்ளித் தக்காளி பாலக்கோட்டுச் சந்தையில் பெட்டியாகி லாரி ஏறும்போது, ஊர்ப்பெயர் இறங்கிவிடுகிறது. விலை சரியும் நாளில் அதனை வேறு ஊர்த் தக்காளியினின்று பிரித்துக் காட்ட உழவனிடம் ஒரு சொல்லும் இல்லை.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023இல் அக்குறியீட்டைப் பெற்றது. மகிழத்தக்கதே. எனினும் பதிவுச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதோடு நிறைவடைந்தால், நாம் பெறுவது போர்தோவின் பட்டியல் போன்ற உறைந்த பெருமை மட்டுமே. பயிரிடும் முறைக்கு விதி, அதனைச் சோதிக்கும் அமைப்பு, கூடுதல் விலை உழவனைச் சேரும் வழி ஆகிய மூன்றும் வேண்டும். பிரெஞ்சுக்காரரிடம் நாம் கடன் பெறத்தக்கது அந்த மூன்றாம் ஏணியே.