கூடைப்பந்தைத் தனியே விடுங்கள்

பசிபிக் கடலோரம் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி பல்கலைக்கழகங்கள் இன்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் ‘அட்லாண்டிக் கரை’ கூட்டமைப்பில் ஆடுகின்றன. 1915-இல் வேர்விட்ட பசிபிக் கூட்டமைப்பிலிருந்து 2024-இல் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறின, இரண்டே மிஞ்சின. காரணம் கூடைப்பந்து அல்ல, அமெரிக்கக் கால்பந்துக்கு வரும் தொலைக்காட்சிப் பணம். ஆனால் அலைச்சல் கூடைப்பந்து மாணவர்களுக்கும்தான். பயிற்சியாளர் ஜான் வுடன் காலத்தில் பத்து முறை பட்டம் வென்ற லாஸ் ஏஞ்சலிஸ் யூ.சி.எல்.ஏ. அணி, இப்போது கூட்டமைப்பு ஆட்டத்துக்காக நியூ ஜெர்சி வரை பறக்கிறது. அந்த மாணவர்கள் எப்போது படிப்பார்கள்?

ஆள்சேர்ப்பும் மாறிவிட்டது. 2021 முதல் வீரர்கள் தம் பெயரையும் புகழையும் கொண்டு விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2024 முதல், படிப்பில் தேறியிருந்தால், எத்தனை முறை கல்லூரி மாறினாலும் உடனே ஆடலாம். இதற்காக மாணவர்களை நாம் குறைசொல்ல மாட்டோம். பயிற்சியாளர்கள் நினைத்தபோது இடம் மாறியபோது யாரும் தடுக்கவில்லையே!

ரசிகர்களின் ஆதங்கம் வேறு. தலைமுறை தலைமுறையாக வளர்ந்த பக்கத்து ஊர்ப் போட்டி போய்விட்டதே என்பது அது. நியாயமான ஆதங்கம். இதற்கு ஒரு வழி உண்டு. கனெக்டிகட் பல்கலைக்கழகம் கால்பந்தைக் கூட்டமைப்பில் சேர்க்காமல் தனியே வைத்துக்கொண்டு, 2020-இல் தன் பழைய பிக் ஈஸ்ட் கூட்டமைப்புக்கே கூடைப்பந்தைக் கொண்டுவந்தது. 2023, 2024 இரு ஆண்டுகளிலும் அதன் ஆடவர் அணி தேசியப் பட்டம் வென்றது.

மற்ற பல்கலைக்கழகங்களும் இந்த வழியை உடனே பரிசீலிக்க வேண்டும்.