பறித்த பிறகுதான் மெனு!

சித்திரை மாதக் காலையில் மாடித்தோட்டத்துக்குப் போனால், கூடையில் சேர்வது ஐந்து வெண்டைக்காய், இரண்டு கத்தரிக்காய், ஒரு கைப்பிடி கொத்தவரங்காய். நாலு பேர் இருக்கும் வீட்டில் இதை வைத்து ஒரு பொரியல்கூட செய்ய முடியாது. ‘இன்னும் கொஞ்சம் சேரட்டும்’ என்று வெண்டையைச் செடியிலேயே விட்டால், இரண்டே நாளில் நார் விழுந்துவிடும். தண்ணீர் ஊற்றி வளர்த்ததெல்லாம் குப்பைக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

கடையில் வாங்கும்போது, என்ன சமையல் என்று முடிவு செய்துவிட்டுக் காய் வாங்கலாம். தோட்டம் வைத்தவர்களுக்கு அது சரிவராது. வெயில் ஏறும் முன் பறித்துவிட்டு, கூடையைப் பார்த்த பிறகே மெனுவை முடிவு செய்ய வேண்டும்.

கொஞ்சமாகக் கிடைத்தால் கதம்ப சாம்பார். புளிப்பு சேர்ந்தால் காய் வேக நேரமாகும். அதனால் கொத்தவரங்காயை வெறும் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து, பிறகு கத்தரிக்காயும் புளிக்கரைசலும் சேர்க்கலாம். வெண்டையைத் தனியாக எண்ணெயில் வதக்கிக் கடைசியில் போட்டால் குழம்பு வழவழக்காது.

பீர்க்கங்காய் ஒன்று போதும், இரண்டு பதார்த்தம் ஆகிவிடும். சதைப்பகுதியில் பாசிப்பருப்புக் கூட்டு. சீவிய தோலில் உளுந்து, காய்ந்த மிளகாய், புளி வைத்துத் துவையல். பீர்க்கங்காய் வெந்ததும் பாதியாகச் சுருங்கும். சுருங்கிய பிறகு உப்பு போட்டால் கரிக்காது.

ஒரேயடியாகக் காய்த்துக் குவிந்தால், கோடை வெயிலே துணை. கொத்தவரங்காயை உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக வேகவைத்து, வடித்து, மூன்று நான்கு நாள் காயவைக்கலாம். ஒடித்தால் ‘பட்’டென்று ஒடிய வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த வற்றல், ஐப்பசி மழையில் வற்றல் குழம்புக்குக் கைகொடுக்கும். தக்காளி குவிந்தால் நல்லெண்ணெயில் தொக்கு. கண்ணில் படாமல் முற்றிய வெண்டை நாட்டு ரகமாக இருந்தால், செடியிலேயே காயவிட்டு விதைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு காயில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. சுரைக்காய், வெள்ளரிக்காய் எதுவானாலும் நறுக்கியதும் நுனித்துண்டு ஒன்றை நாக்கில் வைத்துப் பார்ப்பது அவசியம். கடும் வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்தால் இவற்றில் கசப்பு கூடலாம். குக்குர்பிட்டாசின் என்ற பொருளே இந்தக் கசப்புக்குக் காரணம். வேகவைத்தாலும் அது போகாது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவும் கசக்கும் சுரைக்காயைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. தெரியாமல் சாப்பிட்டு வாந்தி, வயிற்றுவலி, பேதி வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

‘நம்ம வீட்டுக் கொடியில் காய்த்ததாச்சே’ என்று அதைத் தூக்கிப்போட மனசு வராதுதான். கசந்தால் துப்பிவிட்டு, முழுக்காயையும் உரக்குழியில் போட்டுவிட வேண்டும். அன்றைக்குக் கூட்டு இல்லாவிட்டால் என்ன, ரசமும் அப்பளமும் போதுமே!