பிளேட்டுக்கும் பிறவி உயர்வா?

இங்கிலாந்தில் 2014-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு கிராமபோன் பிளேட் 14,543 பவுனுக்கு விலை போயிற்று. அன்றைய மதிப்பில் நமது பணத்துக்கு ஏறக்குறைய 14 லட்சம் ரூபாய். ஏழு அங்குல அகலமுள்ள ஒரு கறுப்புத் தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு. பாடியவர் டாரெல் பாங்க்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பர். உன் இருதயத்தின் கதவைத் திற என்று பொருள்படும் தலைப்புள்ள அந்தப் பாட்டு 1966-ல் அமெரிக்காவில் ஏராளமாக விற்ற பாட்டு.

அப்படியானால் அது இப்போது கிடைக்காத பாட்டா என்றால், இல்லை. அதே குரல், அதே மேளம், அதே பதிவு, அமெரிக்காவில் ரெவிலாட் என்னும் கம்பெனியின் பெயராலும், இங்கிலாந்தில் ஸ்டேட்சைட் என்னும் கம்பெனியின் பெயராலும் வெளிவந்து, எவரும் சொற்ப விலைக்கு வாங்கக் கூடியதாகவே இருந்து வந்திருக்கின்றது. பின் 14 லட்சத்துக்குப் போன தட்டில் என்ன விசேஷம் என்றால், நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் "லண்டன்" என்று வேறொரு கம்பெனியின் பெயர் இருக்கின்றது. அந்தக் கம்பெனி பாட்டை வெளியிட ஆயத்தம் செய்து, உரிமை மற்றவனுக்குப் போய்விட்டதால் நிறுத்திக் கொண்டது. தப்பிப் பிழைத்ததாக அப்போது அறியப்பட்டிருந்தது அந்த ஒரே பிரதிதான். ஆகவே, 14 லட்சமும் காகிதத்துக்கே ஒழியப் பாட்டுக்கல்ல என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

பாடியவர் கதி என்ன ஆயிற்று? 1970-ல் டெட்ராயிட் நகரத்தில், ஒரு பெண் விஷயமான சச்சரவில், ஒரு போலீஸ்காரன் கைத்துப்பாக்கிக்கு இரையாகித் தமது 32-வது வயதில் மாண்டார். புதைத்த இடத்தில் பேர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. 34 வருஷம் கழித்து, 2004-ல் ரசிகர்கள் சந்தா சேர்த்து ஒரு கல் பதித்தார்கள். அந்தச் சந்தாக்காரர்களை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். நாம் கேட்பதெல்லாம், காகிதத்துக்கு 14 லட்சம் கொடுக்கும் உலகத்தில் கல்லுக்குச் சந்தா எடுக்க வேண்டி வந்ததேன் என்பதுதான்.

இந்தச் சங்கீதத்துக்குச் "சோல்" என்று பெயர். அதாவது ஆத்மா. அதிலிருந்து தாளத்தை முன்னுக்குத் தள்ளி வந்தது "ஃபங்க்" என்பது. இல்லாத ஆத்மாவின் பெயரை வைத்தார்களே என்று நமது தோழர்கள் சிரிக்கலாம். ஆனால் அந்தப் பெயர் வந்த வழியைப் பார்த்தால் சிரிப்பு வேறு பக்கம் திரும்பும். கறுப்பு மக்களின் மாதாகோவிலில் கர்த்தரைக் குறித்துப் பாடிய மெட்டை, ரே சார்லஸ் என்னும் கண் தெரியாத பாடகர் 1954-ல் ஒரு பெண்ணைக் குறித்துப் பாடிப் பதிவு செய்தார். பக்தர்கள் தெய்வ நிந்தனை என்று கூச்சலிட்டார்கள். சாம் குக் என்னும் பாடகர் மாதாகோவில் பாட்டில் கீர்த்தி பெற்றிருந்தவர். 1956-ல் முதன் முதலாகக் காதல் பாட்டுப் பாடின போது, பக்தர்களுக்குப் பயந்து டேல் குக் என்று பொய்ப் பேரில் வெளியிட வேண்டியிருந்தது. குரலை வைத்துப் பேர் மாற்றத்தைக் கண்டுபிடித்து விட்டார்கள் என்பது வேறு சங்கதி. ஆகாயத்தில் இருக்கிறவனைப் பற்றிப் பாடினால் புண்ணியம், பக்கத்தில் இருக்கிற மனுஷியைப் பற்றிப் பாடினால் சாத்தான் வேலையாம்! ஆத்மாவை மாதாகோவிலிலிருந்து வீதிக்குக் கொண்டு வந்தவர்கள் இவர்கள்தான்.

அதே சாம் குக் 1963-ல் லூசியானா மாகாணத்தில் ஒரு ஹோட்டலில் தங்கப் போனார். ஊரெல்லாம் அவர் பாட்டைக் கேட்டது; ஆனால் ஆளுக்கு அறை கிடையாது என்றார்கள். வாதாடினதற்காகப் போலீசார் பிடித்துக் கொண்டு போனார்கள். நமது நாட்டில் நாயனம் வாசிக்கிறவர் தோளில் துண்டு போட்டுக் கொண்டு வாசிக்கக் கூடாது என்றிருந்ததும், அதை நமது இயக்கத்தார் எதிர்த்து நின்றதும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாத்தியம் உள்ளே வரலாம், வாசிக்கிறவன் மனிதனாக வரக் கூடாது என்கிற நியாயம் கடலுக்கு அப்பாலும் இருந்தது. பாட்டுக்களின் விற்பனையைக் கணக்கெடுத்துப் போடும் அமெரிக்கப் பத்திரிகை 1949 வரை கறுப்பர் பாட்டுக்களை "இனத் தட்டுக்கள்" என்று தனி ஜாபிதாவில் போட்டு வந்தது. பிறகு ஜாபிதாவின் பேரை மாற்றிற்றே தவிர, தனி ஜாபிதாவை எடுத்துவிடவில்லை. டீக்கடையில் தனிக் குவளை வைத்த கதைதான்.

இப்பேர்ப்பட்ட நிலையில் இருந்த மக்கள் பாடினது என்ன தெரியுமா? "மரியாதை" என்பது ஒரு பாட்டின் தலைப்பு. 1965-ல் ஓட்டிஸ் ரெட்டிங் என்பவர் எழுதிப் பாடினார். அதில் வீட்டுக்கு வரும் ஆண் பெண்ணிடம் மரியாதை கேட்கிறான். 1967-ல் அரீதா பிராங்க்ளின் என்ற ஒரு பாதிரியாரின் மகள் அதைத் தலைகீழாகத் திருப்பி, பெண் ஆணிடம் மரியாதை கேட்பதாகப் பாடினார். உலகம் முழுவதும் நினைவில் வைத்திருப்பது அந்த அம்மையாரின் பாட்டைத்தான். ஆனால், அதை அமெரிக்க ரேடியோக்காரர்கள் ஆயிரம் தடவை ஒலிபரப்பினாலும், அந்த நாட்டுச் சட்டம் இயற்றியவருக்குத்தான் பணம் கொடுக்கச் சொல்லிற்றே ஒழிய, பாடியவருக்கு ஒரு சல்லியும் கொடுக்கச் சொல்லவில்லை. 1968-ல் ஜேம்ஸ் பிரவுன் என்பவர், நான் கறுப்பன், அதில் எனக்குப் பெருமை என்று உரக்கச் சொல்லும்படி குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பாடிப் பதிவு செய்தார். இதைச் சுயமரியாதைச் சங்கீதம் என்னாமல் வேறு என்னவென்று சொல்வது?

நிற்க. இந்தத் தட்டுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் கனவான்கள் ஒன்று கூடிப் பேசுவதைக் கவனித்தால், பேச்சில் பெரும்பாகம் எதைப் பற்றி? "இது முதல் அச்சா, இரண்டாம் அச்சா? காகிதம் நீலமா, மஞ்சளா? பாட்டு முடிந்து காகிதம் தொடங்கும் இடைவெளியில் கீறியிருக்கும் எண் என்ன?" இதற்குப் பூதக்கண்ணாடி வேறு! முதல் அச்சு என்றால் மேல் வருணம், பின்னால் அச்சடித்தது சூத்திரத் தட்டு. பாட்டு ஒன்றே, தாளம் ஒன்றே என்றாலும், பிறந்த வருஷமும் பிறந்த ஆலையும் வேறாகையால் பந்தியில் தனியாக உட்கார வேண்டும். பிறவியைப் பார்க்காதே, குணத்தைப் பார் என்று மனிதர் விஷயத்தில் சொல்லவே நமக்கு இத்தனை பாடு. இனித் தட்டுக்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும் போலிருக்கின்றது!

முதல் அச்சில் ஓசை நன்றாயிருக்கும் என்பார்கள். பதிவு நாடா புதிதாயிருந்த போது அச்சடித்தபடியால் சில தட்டுக்களில் அது மெய்யாகவும் இருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உறை பிரிக்காத தட்டுக்கு அல்லவா அவர்கள் எல்லாவற்றிலும் அதிக விலை வைக்கிறார்கள்? 50 வருஷமாக ஊசி படாத தட்டின் ஓசையை எந்தக் காதால் கேட்டார்கள்? கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருக்கிற கல்லுக்கு மகிமை அதிகம் என்கிற கதை வேறு எப்படி இருக்கும்?

இதைவிட மோசமான சங்கதி ஒன்றுண்டு. இங்கிலாந்தின் வடபாகத்து ஆலை ஊர்களில், வாரமெல்லாம் உழைத்த வாலிபர்கள் சனிக்கிழமை இராத்திரி விடிய விடிய இந்தப் பாட்டுக்களுக்கு ஆடினார்கள். விகன் என்னும் ஊரில் 1973 முதல் 1981 வரை நடந்த ஆட்டக் கூடம் பேர் பெற்றது. தொழிலாளிப் பிள்ளைகள் கறுப்பர் பாட்டைத் தங்கள் பாட்டாக்கிக் கொண்டது நல்ல காரியமே. ஆனால் தட்டுப் போடுகிறவர்களில் சிலர், போட்டிக்காரன் அதே தட்டைத் தேடிப் பிடித்துவிடக் கூடாதென்று, நடுக் காகிதத்தின் மேல் வேறு காகிதம் ஒட்டி, பாடியவர் பேரையும் பாட்டின் பேரையும் பொய்யாகச் சொல்லி வந்தார்கள். பிராங்க் வில்சன் என்பவர் 1965-ல் பாடிய பாட்டை எட்டி பாஸ்டர் பாடினதாகச் சொன்னார்கள். வேதத்தைச் சூத்திரன் காதில் விழாமல் மறைத்தவனாவது எழுதினவன் பேரைச் சொல்லாமல் விட்டதோடு நின்றான். இவர்களோ பாடுபட்டவனுடைய பேரை அழித்துவிட்டுப் பொய்ப் பேரை ஓட்டினார்கள். அந்தப் பாட்டு 1979-ல் மறுபடி அச்சாகி யாவர் கைக்கும் வந்த பின்னும், பழைய பிரதி ஒன்று 2009-ல் 25,742 பவுனுக்கு ஏலம் போயிற்று. வில்சன் அப்போது உயிருடன்தான் இருந்தார். கைமாறிய பணத்தில் பாடியவருக்கு ஒரு காசு சேரவும் வழி கிடையாது.

வெள்ளை முதலாளிகளின் குற்றம் மாத்திரமே இது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். டெட்ராயிட்டில் மோடவுன் என்னும் கம்பெனியை 1959-ல் 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்த பெர்ரி கார்டி கறுப்பர்தான். அவர் கம்பெனியில் வாசித்த வாத்தியக்காரர்களின் பேர்கள் அந்தக் கம்பெனியின் தட்டுறையில் முதன் முதலாக அச்சானது 1971-ல், மார்வின் கே பாடிய தொகுப்பில். அதற்குள் எத்தனை பாட்டு, எத்தனை லட்சம் தட்டு! அதில் பேஸ் கிதார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் விரலை உலகமெல்லாம் வாத்தியக்காரர்கள் பார்த்துப் படிக்கிறார்கள். அவர் 1983-ல் 47-வது வயதில் இறந்தார். கீர்த்தி மண்டபத்தில் பேர் பொறித்தது 2000-ல். பெருமையை உரக்கச் சொல்லச் சொன்ன ஜேம்ஸ் பிரவுனோ, தம்மிடம் வாசித்தவர்கள் தாளம் தவறினாலும், பூட்ஸ் பளபளப்பாக இல்லாவிட்டாலும் அபராதம் போட்டவர். முதலாளியின் தோல் என்ன நிறமாயிருந்தாலும் கணக்குப் புத்தகத்தின் நிறம் ஒன்றுதான்.

அவரிடம் மேளம் வாசித்தவர் கிளைட் ஸ்டபில்பீல்டு. 1969-ல் ஒரு பாட்டின் நடுவே, மற்ற வாத்தியமெல்லாம் நிற்க, இவர் சில விநாடி தனியாக வாசித்தார். பின்னால் வந்தவர்கள் அந்த வாசிப்பைத் துண்டாக வெட்டி எடுத்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுக்களில் ஒட்டிக் கொண்டார்கள். பாட்டுக்கு ஆசிரியர் என்று போடப்பட்டிருந்தது பிரவுன் பேர். மேளக்காரருக்கு அன்றைய கூலியோடு சரி. அவர் 2017-ல் இறந்தார். இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, சிறு வயதில் தம் ஊரில் கேட்ட தொழிற்சாலை ஓசையும் ரயில் ஓசையும்தான் என்று சொன்னவர். எந்தச் சரஸ்வதியும் நாக்கில் எழுதவில்லை.

"நாங்கள் இல்லாவிட்டால் இந்தத் தட்டுக்களெல்லாம் குப்பையில் போயிருக்குமே" என்பது சேகரிப்பவர்கள் சொல்லும் சமாதானம். இதில் உண்மை இருக்கின்றது. கம்பெனிக்காரன் எறிந்ததை இவர்கள் பொறுக்கி வைத்தார்கள். மறந்து போன பாடகர்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றியவர்களும் இவர்களில் உண்டு. உரிமைக்காரருக்குப் பணம் கொடுத்து மறு அச்சுப் போட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களோடு நமக்குச் சண்டையில்லை. மறு அச்சைத் தீண்டாதே, பாட்டுக்காரன் பேரை மறை, உறையைப் பிரிக்காதே என்கிறவர்களோடுதான் சண்டை.

கடைசியாக ஒன்று. வாஷிங்டன் நகரத்து "வின்ஸ்டன்ஸ்" என்ற கூட்டத்தார் 1969-ல் போட்ட தட்டின் பின்பக்கத்தில் "ஆமென், பிரதர்" என்று ஒரு பாட்டு. அதில் கிரகரி கோல்மன் என்பவர் ஆறேழு விநாடி தனியாக மேளம் வாசித்திருக்கிறார். அந்த ஆறேழு விநாடியை எடுத்து ஒட்டிய பாட்டுக்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இங்கிலாந்தில் ஒரு சங்கீத வகையே அதன் மேல் எழும்பிற்று. கூட்டத்தின் தலைவரான ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு இந்த விஷயம் தெரிந்ததே 1996-ல்தான். அதற்குள் வழக்குக்குக் காலக்கெடு தாண்டிவிட்டது. 2015-ல் இங்கிலாந்துத் தோழர்கள் 24,000 பவுன் வசூல் செய்து ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். மேளம் வாசித்த கோல்மன் அதற்கு ஒன்பது வருஷம் முன்னமே, 2006-ல், அட்லாண்டா நகரத்தில் வீடு வாசலில்லாமல் செத்துப் போயிருந்தார். அந்தத் தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்ற தட்டானபடியால், அபூர்வத் தட்டு என்ற பட்டம் அதற்குக் கிடையாது.