ஆற்றில் ஓடும் கிருமிக்குக் கணக்கு எங்கே? முட்டம் கரையில் எழும் கேள்வி!

முட்டம்,

பாறையில் அலை மோதும் அழகைக் காண முட்டத்துக்கு தினமும் ஜனங்கள் வருகிறார்கள். கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு மேற்கே நடந்தால் கடியப்பட்டணம். அங்கேதான் வள்ளியாறு கடலில் கலக்கிறது.

வேளிமலையில் பிறக்கும் இந்த ஆறு வெறுங்கையோடு வருவதில்லை. பத்மநாபபுரம் புத்தனார் கால்வாயின் கழிவு நீர், பல குளத்துப் பாசன வடிகால், வழியில் உள்ள ஊர்களின் அழுக்கு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருகிறது. கிழக்கே பழையாறு கதையும் அதுதான். ஒழுகினசேரியில் நாகர்கோவிலைத் தொட்டு, சுசீந்திரம் வழியாக, மணக்குடியில் கடலைச் சேர்கிறது. நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஊர் பெருத்தால் சாக்கடையும் பெருக்கும் அல்லவா?

"ஓடுற தண்ணிதானே, ஒண்ணும் செய்யாது" என்பது நம்மவர் பேச்சு. தண்ணீர் ஓடும், சரி. கிருமியும் கூடவே ஓடுமே!

எண்ணுவது எப்படி?

காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று ஒவ்வொரு நோய்க் கிருமியையும் தனித்தனியாகத் தேடினால் காலமும் போதாது, காசும் போதாது. அதனால் ஒரு துப்பு பார்க்கிறார்கள். மனிதன், மிருகங்களின் குடலில் வாழும் கோலிஃபார்ம் பாக்டீரியா தண்ணீரில் இருந்தால், மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலம் வந்த வழியில் நோயும் வரும்.

குளிக்கும் ஆற்றில் 100 மில்லி தண்ணீருக்கு மலக் கோலிஃபார்ம் 500-க்குள் இருப்பது நல்லது. 2,500-ஐத் தாண்டவே கூடாது. இது மத்திய அரசின் அளவுகோல். குடிநீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இதில் ஒரு சங்கடம். கிருமி நீக்கிய பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஐஸில் வைத்து, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், கிருமியை வளரவிட்டுத்தான் எண்ண முடியும். முடிவு வர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் அந்தத் தண்ணீர் கடலுக்கே போய்விடும்!

பட்டியலில் ஓர் ஓட்டை

தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது 1974-ல். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் அமைந்தது. மத்திய வாரியம் 2018-ல் நாடு முழுவதும் 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளைப் பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் ஆறு: காவிரி, பவானி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்டநதி, தாமிரபரணி. அந்தத் தாமிரபரணி நெல்லைச் சீமையின் ஆறு. நம் குழித்துறைக்காரர்கள் சொல்லும் தாமிரபரணி அல்ல.

வள்ளியாறும் பழையாறும் பட்டியலில் இல்லை. அப்படியானால் சுத்தமா? அங்கேதான் ஓட்டை. அந்தப் பட்டியல் கிருமியை எண்ணிப் போட்டதல்ல. அழுக்கைச் செரிக்க எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்பதை வைத்துப் போட்டது. ஆக்ஸிஜன் கணக்கில் தப்பித்த ஆறு, கிருமிக் கணக்கிலும் தப்பித்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

பாரீஸும் பிரயாக்ராஜும்

பாரீஸ் நகரில் 2024 ஒலிம்பிக். ஜூலை 30 அன்று ஆண்களுக்கான டிரையத்லான் போட்டி. மழை பெய்து சாக்கடை கலந்து, செய்ன் நதியில் கிருமி ஏறிவிட்டது. போட்டியை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். தினமும் எண்ணினார்கள், அதனால் தள்ளிவைக்க முடிந்தது.

2025 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளா. நீராடும் இடங்களில் மலக் கோலிஃபார்ம் பல சமயம் அளவுக்கு மேல் இருந்ததாக மத்திய வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்திடம் சொன்னது. உத்தரப்பிரதேச அரசு அதை ஏற்கவில்லை. பெரிய சண்டை! ஆனால் ஒன்று: எண் கையில் இருந்ததால்தானே சண்டையாவது போட முடிந்தது?

சிப்பிக்கும் ஆபத்து

முட்டம், கடியப்பட்டணம் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பியை முங்கி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. சிப்பி தண்ணீரை வடிகட்டித்தான் தின்கிறது. தண்ணீரில் கொஞ்சமாக உள்ள கிருமி அதன் வயிற்றில் குவிந்துவிடும். நேரடியாக விற்கும் சிப்பியில், பெரும்பாலான மாதிரிகளில், 100 கிராம் சதைக்கு 230 ஈ.கோலைக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் விதி. முங்கி எடுப்பவர் ஆற்றைக் கெடுக்கவில்லை. ஆனால் ஆறு கெட்டால் முதலில் அடிபடுவது அவர் பிழைப்பு.

நன்றாக வேகவைத்த சிப்பியால் கிருமி பயம் குறையும். அதற்காக ஆற்றைக் கெடுக்கலாமா?

பக்கத்து வீட்டு எச்சரிக்கை

கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பல உயிர்களைக் குடித்தது. இது உப்புத் தண்ணீரில் வாழாது. வெதுவெதுப்பான குளம், தேங்கிய நன்னீர்தான் அதற்கு வீடு. குடித்தால் வராது, மூக்கு வழியாக ஏறுகிறது. கோலிஃபார்ம் கணக்கு இதைக் காட்டிக்கொடுக்காது. ஒரே சோதனையை நம்பி உட்கார்ந்தால் போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

என்ன செய்யலாம்?

மழைக்காலத்தில், முதல் வெள்ளம் இறங்கும் நாளில் தண்ணீர் எடுக்க வேண்டும். ஊருக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், கழிமுகத்தில் ஓர் இடம். அப்போதுதான் அழுக்கைச் சேர்த்தது யார் என்று தெரியும். முடிவை ஆபீஸ் பைலில் தூங்கவிடாமல் படித்துறையில் பலகை போட்டு எழுத வேண்டும். "இன்று குளிக்கலாம்", "இன்று வேண்டாம்" என்று இரண்டு வார்த்தை போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு பச்சை, சிவப்பு வர்ணம் போதும்.

கடல் எப்போது சீறும் என்று மீனவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஆறு என்ன கொண்டுவருகிறது என்பதையும் சொல்ல வேண்டாமா?