மேட்டுப் பூங்கா, பள்ளத் தெரு

எங்கள் பேட்டையில் ஒரு பூங்கா இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் அது வெறும் மைதானம். ஒரு மூலையில் நாவல் மரம், இன்னொரு மூலையில் கருவேல முள், நடுவில் பையன்களின் கிரிக்கெட். ஐப்பசி மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். இரண்டு மூன்று நாளில் மண் குடித்துவிடும். பிறகு லாரி லாரியாகச் சவுடு மண் வந்து இறங்கியது. தெருவைவிட ஒன்றரை அடி மேடாக்கி, சுற்றிலும் சுவர் எழுப்பி, சிமென்ட் கல் பதித்த நடைபாதை, கொரியன் புல், நீரூற்று, தும்பிக்கையைத் தூக்கி நிற்கும் ஒரு யானை பொம்மை எல்லாம் வைத்துத் திறந்தார்கள். அந்த வருட மழையில் பூங்காவுக்குள் ஒரு பொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. எல்லாம் எதிர்வீட்டுக்காரரின் வாசலில் நின்றது.

“இப்பதான் சார் நம்ம ஏரியா பார்க்க லட்சணமா இருக்கு” என்று சொன்னவரும் அதே எதிர்வீட்டுக்காரர்தான், வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. சும்மா கிடக்கும் நிலத்தைச் சமன் செய்து புல்லும் கல்லும் போட்டால் அது பசுமை வெளி. ஏரிக்குச் சுவர் கட்டி விளக்குப் போட்டால் அது ஏரி மீட்பு. இதுதான் இன்று ஊர் நம்புகிற சங்கதி. இதற்குச் சொல்லப்படும் நியாயங்களைக் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

“சும்மா கிடந்த இடம்தானே, பூங்காவானால் நல்லதுதானே” என்பது முதல் நியாயம். நிலம் சும்மா கிடப்பதில்லை. தென்சென்னையின் பள்ளிக்கரணையைக் கழுவெளி என்று சொல்லிவந்தார்கள் நம் முன்னோர். சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழிகிற வெள்ளம் வந்து பரவி, தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெல்லக் கடலுக்குப் போகும் இடம் அது. அதன் வேலை இன்னது என்று தெரிந்து வைத்த பெயர். வேலை மறந்த பிறகு அது சேற்று நிலமானது. சேற்று நிலத்தில் பெருங்குடிக் குப்பை வந்து விழுந்தது. மிச்சத்தில் கட்டடங்கள் வந்தன. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னையில் படகு விட்டோமே, அந்தத் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்த தண்ணீர்தான். பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, கழுவெளியின் பெரும்பகுதி போன பிறகு. தியாகராய நகருக்கும் இதே ஜாதகம்தான். 1920களில் மாம்பலம் ஏரியை வடித்து உருவான ஊர் அது. ஏரி போய்விட்டது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. ஆகவே ஒரு மைதானத்தைப் பூங்காவாக்கும் முன் கேட்க வேண்டியது, இத்தனை நாள் இந்த இடம் யாருக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான். எங்கள் மைதானம் ஒரு தெருவின் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது புல்தரை. “பச்சைப் பசேல் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. விலையைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். சித்திரை வெயிலில் புல் வாடாமல் இருக்க நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அப்படியென்றால் நாளொன்றுக்கு 20,000 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு லாரித் தண்ணீர். 2019 கோடையில் சென்னையில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் கொண்டுவந்தோம். ஜூலை 12ஆம் தேதி வந்த முதல் ரயிலில் 50 வேகன்கள், மொத்தம் 25 லட்சம் லிட்டர். அந்த முழு ரயிலும் 125 ஏக்கர் புல்தரைக்கு ஒரே ஒரு நாளைக்குக் காணும். “சுத்திகரித்த கழிவுநீரைத்தானே பாய்ச்சுகிறோம்” என்று உடனே பதில் வரும். நல்ல விஷயம்தான். அந்தத் தண்ணீரை மரத்துக்குப் பாய்ச்சினால் நிழலாவது மிஞ்சும். மே மாத மத்தியானம் இரண்டு மணிக்குப் புல்தரையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆள் அரவம் இருக்காது. உணவு கொண்டுபோகும் பையன், கீரைக்காரம்மா, ஆட்டோக்காரர் எல்லோரும் பூங்காச் சுவருக்கு வெளியே புங்க மரத்தடியில் இருப்பார்கள். குழந்தைகள் உருண்டு விளையாட ஒரு துண்டுப் புல்தரை இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. பூங்கா முழுக்க அதுவாகவே இருப்பதுதான் வினை.

இப்போது இதே ஓர் ஏக்கரைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தெருவைவிட ஓர் அடி பள்ளமாக வைத்தால் அது ஒரு மழைக்குப் பிடித்து வைக்கக்கூடிய தண்ணீர் சுமார் 12 லட்சம் லிட்டர். புல்லுக்குத் தண்ணீர் கேட்ட அதே நிலம் தெருவின் தண்ணீரை வாங்கிக்கொள்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பாங்கில் அது சில நாளில் கீழே இறங்கி வீட்டுக் கிணற்றை நிரப்பும். களிமண் பகுதியில் இறங்காது. அங்கே பூங்காவுக்குள் ஒரு குளம் வேண்டும், வழிந்தோட ஒரு வாய்க்கால் வேண்டும். மண்ணுக்கு மண் வரைபடம் மாறும், அவ்வளவுதான். கோயில் குளம் வெட்டிய ஊருக்கு இது புது வித்தை இல்லை. மழைநீர் சேகரிப்பை 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மாநிலம் இது. வீட்டு மொட்டை மாடியைச் சட்டம் கேட்கிறது. பூங்காவை ஏன் கேட்கவில்லை? சென்னை மாநகராட்சியே சில இடங்களில் ‘ஸ்பாஞ்ச் பார்க்’ என்ற பெயரில் பூங்காவுக்குள் குளம் வெட்டியிருக்கிறது. அதைப் பாராட்டுகிறேன். ஆனால் அது தனிப் பெயரோடு வருகிற ஒரு தனி ரகமாக இருக்கும்வரை மற்றதெல்லாம் மேட்டுப் பூங்காவாகத்தான் வந்துகொண்டிருக்கும்.

ஏரிக்கு வருவோம். “சுற்றிச் சுவரும் நடைபாதையும் போட்டால்தான் ஆக்கிரமிப்பு நிற்கும்.” இதில் உண்மை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். காலையும் மாலையும் நூறு பேர் நடக்கும் கரையில் ராத்திரியோடு ராத்திரியாக மண் கொட்டுவது கஷ்டம். ஆனால் அந்த நடைபாதை எங்கே போடப்படுகிறது? பல இடங்களில் கரைக்கு உள்பக்கம், ஏரிக்குள்ளேயே மண்ணை நிரப்பி. மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஐந்து மீட்டர் அகலத்தில் பாதை என்றால் 15,000 சதுர மீட்டர், ஏறக்குறைய 3.7 ஏக்கர். ஆக்கிரமிப்பைத் தடுக்கிறேன் என்று நாமே அவ்வளவையும் ஆக்கிரமித்துவிட்டோம். அப்புறம் நடுவில் தோண்டிக் கிண்ணம் போல ஆழமாக்கி, ஓரத்தைச் செங்குத்தாகக் கல் வைத்துக் கட்டுகிறார்கள். ஏரி என்பது தொட்டி இல்லை. கரையோரம் கணுக்கால் ஆழத்தில் தொடங்கி மெல்லச் சரிந்து இறங்குவது அதன் லட்சணம். அந்தக் கணுக்கால் ஆழத்தில்தான் கோரையும் சம்பும் முளைக்கின்றன, மீன் குஞ்சு பொரிக்கிறது, கொக்கும் உள்ளானும் இரை தேடுகின்றன. சுவர் வைத்த ஏரியில் அவற்றுக்குக் கால் வைக்க இடமில்லை. கலிங்கும் மதகும் வரத்துக்காலும் என்ன ஆயின என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. தண்ணீர் வரும் வழி அடைபட்ட ஏரிக்கு எத்தனை விளக்குப் போட்டால் என்ன?

“சிங்கப்பூர் மாதிரி ஆக்கப் போறோம் சார்” என்பது இதற்கு வழக்கமான மறுமொழி. சிங்கப்பூரையே பார்ப்போம். அங்கே பீஷான் – அங் மோ கியோ பூங்காவை ஒட்டி காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக ஓடியது. நாம் இப்போது ஆசைப்படுகிற அதே கால்வாய். பொதுப் பயனீட்டுக் கழகம் 2006இல் தொடங்கிய ‘ஏபிசி வாட்டர்ஸ்’ திட்டத்தில் அதை உடைத்தார்கள். 2012இல் வேலை முடிந்தபோது ஆறு வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டராக நீண்டிருந்தது. கரையில் சுவரில்லை, வேலியில்லை. செடிகளின் வேரும் கல்லும்தான் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. வெயில் நாளில் குழந்தைகள் தண்ணீரில் இறங்கி விளையாடுகிறார்கள். பெருமழையில் ஆறு பூங்காவுக்குள் பரவி நூறு மீட்டர் அளவுக்கு அகலமாகிறது; அதற்கு முன்பே எச்சரிக்கை ஒலி கேட்டு மக்கள் ஏறிவிடுகிறார்கள். பழைய கால்வாயை உடைத்த கான்கிரீட்டை என்ன செய்தார்கள் தெரியுமா? பூங்காவுக்குள்ளேயே ஒரு குன்றாகக் குவித்து அதன்மேல் செடி வளர்த்துவிட்டார்கள். சிங்கப்பூர் பத்து வருடத்துக்கு மேலாக அந்தக் குன்றின்மேல் நின்று வேடிக்கை பார்க்கிறது. நாம் சிங்காரச் சென்னை என்று பெயர் வைத்து அவர்கள் உடைத்ததைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவார்கள். “எதையாவது நடுங்கள், மரம் என்றால் மரம்தான்.” 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் இந்த வாதத்துக்குப் பதில் எழுதிவிட்டுப் போனது. ஒரே நாளில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தூங்குமூஞ்சியும் குல்மோகரும் இயல்வாகையும் மளமளவென்று விழுந்தன. உடனே வெளிநாட்டு மரம்தான் குற்றவாளி என்று ஒரு கோஷம் கிளம்பியது. அது பாதி நியாயம். வேம்பும்தான் விழுந்தது. விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பல மரங்களில் ஒரு பக்கம் வேரே இல்லை. மழைநீர் வடிகாலுக்கு ஒரு முறை, கேபிளுக்கு ஒரு முறை, சாலைக்கு ஒரு முறை என்று வெட்டியாகிவிட்டது. மிச்சமிருந்த வேருக்கு மேல் கழுத்துவரை சிமென்ட். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டது. எங்கள் பூங்காவின் அந்த நாவல் மரத்தைச் சுற்றி உட்காருவதற்கு வட்டமாகக் கிரானைட் மேடை கட்டியிருக்கிறார்கள். தண்டுக்கும் கல்லுக்கும் நடுவில் நான்கு விரல் இடம்.

சீக்கிரம் வளரும் என்று கோனோகார்ப்பஸ் மரத்தை வரிசை வரிசையாக நட்ட கதை தெரிந்ததுதான். 2023இல் குஜராத்தும் 2025இல் தமிழ்நாடும் அதற்குத் தடை போட்டன. மியாவாக்கி காட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வாழ்நாள் முழுக்க வற்புறுத்தியது, அந்தந்த மண்ணில் இயற்கையாக எது வளர்ந்ததோ அதைத் திருப்பி வையுங்கள் என்பதை. நெருக்கி நடுவது அதற்கான உத்தி. நாம் உத்தியைப் பிடித்துக்கொண்டு சரக்கை விட்டுவிட்டோம். சோழமண்டலக் கரையின் சொந்தக் காடு உயரமில்லாத, இலை உதிர்க்காத உலர்காடு. வீரை, காயா, பாலை, நொச்சி என்று புதரும் மரமும் பின்னிக் கிடப்பது. கிண்டி தேசியப் பூங்காவின் 2.7 சதுர கிலோமீட்டரில் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம். அங்கேயே வெளிமான்களுக்கு மரமில்லாத புல்வெளி வேண்டும். எல்லா இடத்தையும் காடாக்கினால் வெளிமான் ஒளிய இடமில்லாமல் அல்ல, ஓட இடமில்லாமல் அழியும்.

“வேலியும் டிக்கெட்டும் இல்லாவிட்டால் நாசமாக்கிவிடுவார்கள்.” யார்? இந்த வாக்கியத்தில் எழுவாய் வேண்டுமென்றே விடப்படுகிறது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. கட்சி பிடிக்கிறதோ இல்லையோ, பூங்கா என்பது ஊர் கூடும் இடமாக இருந்ததற்கு அது சாட்சி. இன்று எங்கள் பூங்கா வாசல் பலகையைப் படியுங்கள்: விளையாடக் கூடாது, படுக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, பதினொரு மணிக்குப் பூட்டப்படும். வெயில் ஏறும் நேரத்தில் நிழலைப் பூட்டி வைக்கிறோம்.

கடைசியாகப் பராமரிப்பு. “காட்டுச் செடியாக விட்டால் யார் பார்த்துக்கொள்வது?” காட்டுச் செடிக்கு வாராவாரம் கத்தரிப்பு வேண்டாம், நாளுக்கு இரு வேளை தண்ணீர் வேண்டாம், யூரியா வேண்டாம். ஆள் வேண்டும்; மண்ணும் செடியும் தெரிந்த ஒரு தோட்டக்காரர். திறப்பு விழாவுக்கு ஒதுக்கிய பணம் பட்ஜெட்டில் இருக்கும், அவருடைய சம்பளம் இருக்காது. எங்கள் பூங்காவைப் பெருக்கும் அக்கா தினமும் காலையில் நாவல் இலைச் சருகைக் குவித்துக் கொளுத்துவார். “ஏங்க்கா, மரத்தடியில அப்படியே மூடாக்காப் போட்டா மண்ணு காயாம இருக்குமே” என்றேன். “எனக்குத் தெரியாதா சார்? எங்க ஊர்ல அப்படித்தான் போடுவோம். இங்க வாக்கிங் வர்றவங்க குப்பையா இருக்குன்னு கம்ப்ளெயின்ட் பண்றாங்களே” என்றார். விஷயம் தெரிந்தவர் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தவர்கள் நாம்தான்.

கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கரை அரசு 2024 செப்டம்பரில் திரும்ப எடுத்தது. அதில் குளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. 118 ஏக்கரில் பூங்கா வருகிறது. அங்கே என்ன வரும் என்பதை அதிகாரிகளும் ஒப்பந்தக்காரர்களும் மட்டும் தீர்மானிக்க வேண்டியதில்லை. உங்கள் தெருப் பூங்காவுக்கும் அதே கதைதான். அடுத்த பெருமழையில் குடையை எடுத்துக்கொண்டு அதன் வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று பாருங்கள். வெளியே வந்தால் கைபேசியில் ஒரு படம் எடுத்து, பகுதி சபைக் கூட்டத்தில் உங்கள் கவுன்சிலரிடம் காட்டுங்கள். சுவரில் நாலு இடத்தில் ஓட்டை போட்டு, உள்ளே ஓர் அடி மண்ணை வாரச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.