கருகலுக்கெல்லாம் ஒரே மருந்தா?

குந்தாரப்பள்ளி வட்டாரத்தில் தக்காளி பயிரிடும் விவசாயிகள், இலை கருகியதும் கடையில் "கருகல் மருந்து" என்று மட்டும் கேட்டு வாங்கினால் பணம்தான் விரயம்.

கருகல் இரு வகை. முன்பருவக் கருகலில் இலைப்புள்ளிக்குள் வளையம் வளையமாகத் தெரியும். பின்பருவக் கருகல் குளிர்ந்த, மப்பும் மந்தாரமுமான நாட்களில் வரும். நீர் கோத்த திட்டுகள் கறுக்கும்; இலையடியில் வெண்பூசணம் படரும்.

செடியின் உயிரணுச் சவ்வில் ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் உண்டு. வெயிலில் சவ்வு இளகாமலும் குளிரில் விறைக்காமலும் அது காக்கிறது. பூசணங்கள் தமக்கு வேண்டிய ஸ்டெராலைத் தாமே தயாரிக்கின்றன. ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல் முதலிய மருந்துகள் அத்தயாரிப்பைத் தடுக்கின்றன. மாவின் சாம்பல் நோய்க்கு ஹெக்சகோனசோல் கைகொடுப்பது இதனால்தான்.

பின்பருவக் கருகலை உண்டாக்கும் ஃபைட்டோப்தோராவோ ஸ்டெராலைத் தயாரிப்பதே இல்லை, செடியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அடுப்பே இல்லாத வீட்டில் எந்த அடுப்பை அணைப்பது? 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சம் விளைவித்தது இக்கிருமியே.

இதற்கு நோய் தோன்றுமுன் மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். தோன்றிவிட்டால் மெட்டலாக்சில் கலந்த மருந்தை வேளாண் அலுவலரின் யோசனைப்படி அடிக்கலாம். தவறான மருந்தை அடித்துக் காத்திருக்கும் சில நாட்களில் வயலே கருகிவிடும்.

ஆகவே, மருந்து எந்நோய்க்கு உதவாது என்பதையும் தமிழில் பெரிய எழுத்தில் புட்டியில் அச்சிட வேண்டும். எந்தக் கருகல் என்று கேட்டே கடைக்காரர்கள் விற்க வேண்டும். விவசாயிகளும் நோயுற்ற இலையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டட்டும்.